கொக்குப் பீங்கானில் போட்ட குறி

1

அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாதிரியார். ஒரு பணக்காரக் கிழவி சாகும்போது தன் வீட்டை அவருடைய சபைக்கு எழுதி வைத்தாள். அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில்தான் கூடியிருந்தோம். அவர் மேசையின் தலைப்பில் இருந்தார்.

டொக்டர் ஹார்ட்மன். வருத்தம் பார்க்கிற டொக்டர் அல்ல. பழைய பீங்கானைப் படித்து டொக்டரானவர். அதையும் படிக்கலாம் என்று இங்கே வந்துதான் அறிந்தேன்.

பிராவ் வேபர். சோசியல் அலுவலகத்தில் எங்களுக்குப் பொறுப்பான அம்மா. மடியில் என்னுடைய கோப்பு.

சிவஞானம் மாஸ்ரர். மொழிபெயர்க்க வந்தவர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். ஜெர்மனியில், வுப்பர்டாலில், எங்கள் அகதி விடுதியான ஹைமில் இரண்டாம் மாடி.

குணம் அண்ணை. என்னோடு அந்த வீட்டில் வேலை செய்தவர். ஊரில் பஸ் கொண்டக்டர். ஐம்பது வயது.

பிறகு நான்.

மேசையில் முப்பத்தொரு பீங்கான் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு, இரண்டு புள்ளி. போட்டது நான்.

அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றுதான். பொலிசுக்கு எழுதுவதா, விடுவதா. எழுதினால் அந்தக் கடிதம் என் கோப்புக்கும் போகும். கோப்பில் என் அகதி விண்ணப்பம் மூன்றாவது வருடமாகப் படுத்திருந்தது. அதற்கு மேல் பொலிஸ் கடிதம் ஒன்று விழுந்தால் ஆளைத் திருப்பி அனுப்ப அது காணும் என்று ஹைமில் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் ஹைமில் சட்டம் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

2

இது நடந்து இரண்டு வருடம். இப்போது எழுத வந்ததற்குக் காரணம் மகளின் துவாய்.

மனைவியும் மகளும் போன வருடம் வந்து சேர்ந்தார்கள். மகள் கிண்டர்கார்டன் போகிறாள். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் ஆளுக்கொரு படம் கொடுக்கிறார்கள். உடுப்புக் கொளுவி, துவாய், கோப்பை, சப்பாத்துப் பை எல்லாவற்றிலும் அந்தப் படம். என் மகளுக்கு நத்தை.

மனைவிக்கு மனம் ஆறவில்லை.

"பக்கத்துப் பிள்ளைக்குச் சூரியன் குடுத்திருக்கினம். எங்கட பிள்ளைக்கு ஊருற சாமானோ?"

மகள், "ஷ்னெக்க, ஷ்னெக்க" என்று துவாயைத் தூக்கிக் காட்டினாள். நத்தை என்ற சொல் அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்தேன். சிரித்தாள். ஜெர்மன் பிள்ளை தமிழைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரியே சிரித்தாள்.

"நல்ல குறி. வேற ஒருத்தருக்கும் இல்லை. மாறாது" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். துவாயை வாங்கி மடித்தாள்.

என் தகப்பன் கட்டாடி. ஊரில் அறுபது வீட்டு உடுப்பு வெளுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதில் வருகிற கறுத்தப் பாலால் துணியின் மூலையில் போடுவது. உப்புப் போட்டு அவித்தாலும் போகாது. துணி கிழிந்து போகும், குறி இருக்கும். ஒரு கோடு இரண்டு புள்ளி, பிறை, கவிழ்ந்த பிறை, கொழுக்கி என்று அறுபதும் எனக்கு எழுத்துக்கு முந்தியே தெரியும். எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது.

ஒரு வீட்டு வேட்டி மற்ற வீட்டுக்குப் போனால் அப்புவுக்குத்தான் ஏச்சு. அவர் அறுபது வயதில் நின்று ஏச்சு வாங்குவார். ஏசுகிறவருக்கு இருபது வயதாக இருக்கும். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வெள்ளை கட்டுவது நாங்கள். கட்டி முடிந்ததும் வெளியே நிற்பதும் நாங்கள். வாசிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெரியாத மாதிரி இருப்பவர்களுக்கும் தெரியும்.

ஜெர்மனிக்காரர் என்னை நாலு மணித்தியாலம் விசாரித்து, மூன்று வருடம் யோசித்து, நான் யார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மூன்று கேள்வி காணும். எவடம்? அதில எவடம்? ஆற்ற ஆள்?

நான் முதலாவதிலேயே வவுனியா என்றேன். தகப்பனுக்குச் சின்னக் கடை என்றேன். வவுனியா பெரிய இடம். ஆராய்ச்சி அதோடு நின்றது.

ஹைமில் ஏழு பேர் ஒரு உலையில் சமைத்தோம். மாஸ்ரர், பாலா அண்ணை, கரவெட்டித் தமையன் தம்பி இரண்டு பேர், மன்னார் யோர்ஜ், குணம் அண்ணை, நான். வார நாளில் அவரவர் பாடு. சனிக்கிழமை முறை வைத்து ஒருவர் ஏழு பேருக்கும் சமைப்பார். அங்கே எல்லாரோடும் ஒன்றாக இருந்து சாப்பிட்ட முதல் நாள் நான் இரண்டு தரம் தண்ணீர் எடுக்க எழும்பினேன். உறைப்பு என்று சொன்னேன்.

3

எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் சோசியல் அலுவலகம் பொது வேலைக்கு அனுப்பலாம். போகாவிட்டால் உதவியை வெட்டலாம். வேலை செய்யக் கூடாது, செய்யாமலும் இருக்கக் கூடாது. இதை பிராவ் வேபர் சிரிக்காமல் சொன்னார்.

முதல் அனுப்பியது ஒரு வயோதிபர் மடத்து லோன்றிக்கு, உடுப்புத் தோய்க்க. கடல் கடந்து, கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்குக்குத் தாண்டி, கடைசியில் லோன்றி. அந்த அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. பட்டியலில் ஆள் தேவைப்பட்ட இடம் அது. ஹைமில் "கிச்சின் வேலை" என்று சொன்னேன். நாலு மாதம் சொன்னேன்.

அங்கே கிழவர்களின் உடுப்பில் பெயர் எழுத ஒரு பேனை தந்தார்கள். அவித்தாலும் போகாத மை. வேலை முடிந்த பிறகும் அந்தப் பேனை என் சேட்டுப் பையிலேயே கிடந்தது.

அடுத்துத்தான் மேட்டில் இருந்த அந்தக் கிழவியின் வீடு. மேலே தொங்கி ஓடுகிற ரயிலில் இறங்கி நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும். வீட்டை ஒதுக்கித் துடைப்பது வேலை. சபைக்காரர் அங்கே முதியோர் மடம் தொடங்க இருந்தார்கள். சாமான்களில் நல்லதை ஒரு நூதனசாலைக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

நல்லது என்றால் அந்தப் பீங்கான்கள். தொண்ணூற்றாறு சாப்பாட்டுப் பீங்கான். இங்கிலாந்தில் செய்தது. நடுவில் ஒரு கேடயம். கேடயத்தில் மூன்று சிப்பி. கேடயத்தின் மேல் ஒரு கொக்கு நின்று பாம்பு மாதிரி ஒரு மீனைக் கவ்விக்கொண்டிருக்கும். கீழே ஒரு நாடா, நாடாவில் எழுத்து. ஓரம் முழுக்கப் பொன் கோடு.

இங்கிலாந்துப் பிரபுக்கள் குடும்பத்துக்கு ஒரு கேடயம் வைத்திருப்பார்களாம். வண்டிக் கதவில், மோதிரத்தில், செத்தால் கல்லறையில். சாப்பிடுகிற பீங்கானிலும் எழுதுவித்தார்களாம். இறைச்சியைத் தின்று முடிக்கத் தன் குடும்பப் பெருமை அடியில் தெரியும். பாதிரியார் இதைக் குணம் அண்ணைக்கு இங்கிலீசில் சொன்னார். குணம் அண்ணை எனக்குச் சொன்னார்.

"இந்த வீட்டுக்காரர் பிரபுக்களோ?" என்று கேட்டேன்.

"இல்லையாம். இவை றிபன் நெய்த ஆக்கள். இவையின்ர பூட்டன் லண்டனுக்குப் போகேக்க, நொடிச்சுப்போன ஒரு பிரபு வீட்டில இதை வாங்கினவராம். மூண்டு தலைமுறையாய் மற்றவன்ர கொக்கில சாப்பிட்டிருக்கினம். வந்த விருந்தாளியள் இவையின்ர கொக்கு எண்டு நினைச்சிருக்கினம். இவையும் இல்லையெண்டு சொல்லேல்லை."

"அப்படியும் செய்யலாமோ?"

"நான் வந்த பாஸ்போட்டில இருந்த மனுசனுக்கு மீசை இருந்தது. நான் மீசை வளர்த்தன். இவை கொக்கு வளர்த்தவை. வித்தியாசம் என்ன?"

4

டொக்டர் ஹார்ட்மன் கழுவும் முறையைக் காட்டினார். மரத் தொட்டி. அடியில் தடித்த துவாய். இளஞ்சூட்டுத் தண்ணீர். கையில் மோதிரம், மணிக்கூடு கூடாது. ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். அடுக்கும்போது இடையில் மெல்லிய துணி.

எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பட்டுக்கும் இதுதான்.

இரண்டாம் நாள் கை நின்றது. ஒரு பீங்கான் மற்ற வீட்டுப் பீங்கானாக இருந்தது.

கொக்குத்தான். சிப்பி மூன்றுதான். ஆனால் முதல் நாள் கழுவிய கொக்கு வலக் காலைத் தூக்கி நின்றது. இது இரண்டு காலையும் ஊன்றி நின்றது. அதன் சிப்பியில் ஏழு வரி. இதில் ஐந்து. அதில் மீனின் வால் இரண்டு சுற்று. இதில் ஒன்றரை. அதில் பொன் கோடு கத்தி பட்டுத் தேய்ந்திருந்தது. இதில் தேயவில்லை.

நான் அதை வேறாக வைத்தேன். பின்னேரத்துக்குள் முப்பத்தொன்று வந்தது. வேறாக அடுக்கினேன். டொக்டர் வந்தார், பார்த்தார், இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கினார். அடுத்த நாள் திரும்பப் பிரித்தேன். குணம் அண்ணை பெட்டிக்கு எடுக்கும்போது திரும்பக் கலந்தார்.

"அண்ணை, அது வேற வீட்டுச் சாமான். கலக்காதேங்கோ."

"எல்லாம் கொக்குத்தானே ராசன்."

"கொக்கு வேற."

"கொக்குக்கும் ஊர் பேர் பார்க்கிறியோ நீ?"

மூன்றாம் முறை பிரித்த பிறகு என் கை தானாகச் சேட்டுப் பைக்குப் போனது. பீங்கானின் அடியில் வளையம் ஒன்று இருக்கும், மினுக்கம் இல்லாமல், சொரசொரப்பாக. அதில் போட்டேன். ஒரு கோடு, இரண்டு புள்ளி. முப்பத்தொன்றிலும். இனி மாறாது என்று நினைத்தேன். மனதுக்குச் சுகமாக இருந்தது. அன்று பின்னேரம் படியில் இறங்கும்போது நான் சீட்டி அடித்ததாகக் குணம் அண்ணை பிறகு சொன்னார்.

அடுத்த நாள் டொக்டர் ஒரு பீங்கானைத் திருப்பினார். பிறகு இன்னொன்றை. ஸ்பிரிட் கொண்டுவந்து துடைத்தார். மை வளையத்துக்குள் இறங்கிவிட்டது. போகவில்லை.

அவர் கத்தவில்லை. இங்கே கத்த மாட்டார்கள். ரெலிபோன் எடுப்பார்கள்.

5

மாஸ்ரர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"தம்பி ராசன், டொக்டர் சொல்லுறார், இந்த நாட்டில கள்ளர் முந்தி வீடுகளுக்குச் சோக்கட்டியால அடையாளம் போடுறவையாம். எதை எடுக்கிறது, எதை விடுறது எண்டு பின்னால வாற கள்ளனுக்குத் தெரிய. இதுவும் அப்படி எண்டு சந்தேகப்படுறார். நீர் என்ன சொல்லுறீர்?"

"கள்ளன் கீழ் பக்கத்தில போடுவானோ மாஸ்ரர்? திருப்பித் திருப்பிப் பார்க்க நேரம் இருக்குமோ?" என்றார் குணம் அண்ணை.

"குணம், உம்மைக் கேட்கேல்லை." மாஸ்ரர் என் காதுக்குக் கிட்ட வந்தார். "துடைக்கேக்க பொக்கற்றில இருந்த பேனை பட்டிட்டுது எண்டு சொல்லும். நான் வடிவாய்ச் சொல்லிவிடுறன்."

"முப்பத்தொரு தரமோ மாஸ்ரர்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து இருந்தார்.

நான் உள்ளதில் பாதியைச் சொன்னேன். இரண்டு வகைப் பீங்கான் கலந்திருக்கிறது, கலக்காமல் இருக்கப் போட்டேன், வயோதிபர் மடத்து லோன்றியில் இப்படித்தான் உடுப்பில் போடுவது.

"கிச்சின் எண்டல்லோ சொன்னீர்?" என்றார் மாஸ்ரர்.

"லோன்றிதான்."

பிராவ் வேபர் கோப்பைப் புரட்டி, ஓம், லோன்றி, நாலு மாதம் என்றார். அதோடு முடியும் என்று நினைத்தேன். டொக்டர் விடவில்லை. அவர் பேசியதை மாஸ்ரர் சொன்னார்.

"நாலு மாத லோன்றியில இந்தக் கண் வராது எண்டுறார். தொண்ணூத்தாறும் ஒரே வீட்டுச் சாமான் எண்டு தான் எழுதிக் குடுத்திட்டாராம். தனக்குத் தெரியாத வித்தியாசம் உமக்குத் தெரியுமெண்டால் ஆரோ விசயம் தெரிஞ்சவன் உமக்குச் சொல்லித் தந்திருக்க வேணுமாம். அது ஆர்? அந்த ஆளின்ர பேரைக் கேட்கிறார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாதிரியார் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பேர் சொல்லாவிட்டால் பொலிஸ். சொன்னால் ஹைம் முழுக்க அறியும். அவ்வளவுதான். நான் மூன்று வருடம் ஒளித்த சாமான், அதை மொழிபெயர்க்க இருந்தவர் மாஸ்ரர்.

"அப்பு" என்றேன்.

"ஆர்?"

"என்ர தகப்பன். நான் கட்டாடியின்ர மகன் மாஸ்ரர். வவுனியா இல்லை. வடமராட்சி. குறி பார்க்கிறது எங்கட தொழில். அதைச் சொல்லுங்கோ."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார்.

"அதை இதில சொல்லத்தான் வேணுமோ?"

"ஓம். சொல்லுங்கோ."

அவர் சொன்னார். குடும்பத்துக்கு ஊரில் ஒரு லோன்றி இருந்ததாம். அந்த ஜெர்மன் சொல் எனக்குத் தெரியும், நாலு மாதம் அதன் பலகைக்குக் கீழால் போய் வந்தவன். துவைத்தவரின் மகன் ஒரு சொல்லில் முதலாளி மகனானேன். பிராவ் வேபர் அதை எழுதத் தொடங்கினார். கோப்பில் ஏறிவிட்டால் அது என் சரித்திரம்.

"நைன்" என்றேன். எனக்கு இருந்த ஜெர்மனைக் கூட்டினேன். "லோன்றி இல்லை. பாட்டர் வாஷன். அறுபது ஹவுஸ். ஹான்ட்." அப்பு கையால் தோய்த்தவர் என்று இரண்டு கையையும் காட்டினேன்.

பாதிரியார் எழும்பினார். என்னிடம்தான் பேசினார், மாஸ்ரரிடம் அல்ல. நீளமாகப் பேசினார். ஜன்னலால் கீழே ஆற்றைக் காட்டினார். பேசி முடித்து மாஸ்ரரைப் பார்த்தார்.

மாஸ்ரர் மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தார். அவருக்குத் தெரியாத சொல் ஒன்றும் அதில் இருந்திருக்காது.

"இந்த ஊர் வந்ததே அந்த ஆத்தங்கரையில நூல் வெளுத்த ஆக்களாலயாம். இந்த வீட்டுக்காரரின்ர முதல் கிழவனும் வெளுத்தவனாம். தன்ர தாயின்ர ஆக்களும்..." நின்றார். "அவையும் அந்தத் தொழில்தானாம். பெருமையாய்ச் சொல்லுறார்."

"பிரபுவின்ர கொக்கைத் தேடி லண்டனுக்கு ஏன் போனவையள்? ஆத்தங்கரையில நிண்டிருக்குமே" என்றார் குணம் அண்ணை. இதை மாஸ்ரர் மொழிபெயர்க்கவில்லை.

டொக்டர் பரீட்சை வைத்தார். தொண்ணூற்றாறையும் கொண்டுவரச் செய்து, குறி தெரியாமல் நிமிர்த்தி, அவரே கலந்து, அந்த நீள மேசையில் பரப்பினார். கிழவியின் விருந்துகளுக்குப் பிறகு அந்த மேசை நிறைந்தது அன்றுதான் என்று பாதிரியார் சொன்னார். நான் ஒரு பக்கத்தால் நடந்தேன். தொடவில்லை. விரலால் மட்டும் காட்டினேன். குணம் அண்ணை எடுத்து வேறாக வைத்தார்.

முப்பத்திரண்டு.

டொக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். முப்பத்தொன்றில் குறி இருந்தது. ஒன்றில் இல்லை. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணில் செருகுகிற பூதக்கண்ணாடியால் பார்த்தார். காலைப் பார்த்தார். சிப்பியைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு நல்லதை வைத்துப் பார்த்தார். திரும்பக் காலைப் பார்த்தார்.

"முதல் நாள் ஒண்டு தப்பியிட்டுது" என்றேன். மாஸ்ரர் மொழிபெயர்த்தார்.

 பிறகு டொக்டர் பாதிரியாருக்கு மெல்லமாக ஏதோ சொன்னார். உடைந்ததற்குப் பதிலாக யாரோ பின்னாளில் செய்வித்த பீங்கான்கள், நல்ல கைவேலை, யாரையும் ஏமாற்றும் என்று சொன்னாராம். யாரையும் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார் என்று மாஸ்ரர் சொன்னார்.

பொலிசுக்கு எழுதவில்லை. பிராவ் வேபர் கோப்பை மூடினார். டொக்டர் புதிய அறிக்கை எழுதினார். உன்னிப்பாக ஆராய்ந்ததில் முப்பத்திரண்டு பின்னாளையவை எனத் தெரியவந்தது என்று அதில் இருந்தது. ஆராய்ந்தது யார் என்று இல்லை. அறிக்கையில் அப்படித்தான் எழுதுவார்களாம்.

6

திரும்பும்போது ரயிலில் சனம் இல்லை. மாஸ்ரர் ஜன்னலோரம் இருந்தார். நானும் குணம் அண்ணையும் எதிரே இருந்தோம். ஆறு எங்களுக்குக் கீழே ஓடியது. சாயம் இல்லாத வெறும் தண்ணீர்.

"கெட்டிக்காரன்தான் நீ" என்றார் மாஸ்ரர். "ஆனால் முதலே சொல்லியிருக்கலாம். நாங்கள் இப்ப அதெல்லாம் பார்க்கிறேல்லை."

காலையில் நான் அவருக்கு "நீர்". பின்னேரம் "நீ".

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயப்பிடாதை" என்றும் சொன்னார்.

மாஸ்ரர் அடுத்த தரிப்பில் இறங்கிக் கடைக்குப் போனார். நான் குணம் அண்ணையைப் பார்த்தேன்.

"என்னை என்னடா பார்க்கிறாய்? எனக்கு முதல் நாளே தெரியும்."

"எப்படி?"

"உன்ர சேட்டு மடிப்பில. முப்பது வருசம் கொண்டக்டராய் இருந்தனான் ராசன். ஆர் எந்தத் தரிப்பில ஏறினது எண்டு எனக்குத் தெரியும். இறங்கேக்கதான் சிலர் வேற இடம் சொல்லுவினம்."

"பேசாமல் இருந்தீங்கள்."

"ரிக்கற் எடுத்திட்டாய். பிறகென்ன கதை?"

இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரி லோன்றியில் வேலை. அனுமதியோடு. பெரிய மெசின், ஒரு தரத்தில் நூறு படுக்கை விரிப்பு. மனைவி ஊருக்கு எழுதும்போது ஆஸ்பத்திரியில் வேலை என்று எழுதுகிறாள். அங்கே எங்கள் சொந்தங்கள் அதை வாசித்து என்ன நினைக்கிறார்களோ தெரியாது. நான் திருத்தவில்லை. மகளுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. அவள் கேட்கிற நாளில் எந்தப் பாஷையில் கேட்பாளோ தெரியாது.

அந்தக் கிழமையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மாஸ்ரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லாருக்கும் சொல்லவில்லை. பாலா அண்ணைக்கு மட்டும் சொன்னார், ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்று.

சனிக்கிழமை சமையல் முறை எனக்கு. முறையை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நான் விடியவே போய்க் கோழி வாங்கினேன். சோறு, கோழிக் கறி, பருப்பு, கோவாச் சுண்டல். பதினொரு மணிக்கே இறக்கிவிட்டேன்.

பாலா அண்ணை கதவடியில் நின்றார். வயிறு சரியில்லை என்றார். முதல் நாள் நாலு முட்டை பொரித்துத் தின்ற வயிறு.

கரவெட்டித் தமையன் தம்பி இரண்டு பேருக்கும் டேர்மின், அதாவது அலுவலகத்தில் குறித்த நேரம், இருந்ததாம். சனிக்கிழமை இந்த நாட்டில் ஒரு அலுவலகமும் திறப்பதில்லை. ஆனாலும் டேர்மின் என்று சொன்னால் அதற்கு மேல் கேட்கக் கூடாது. கோட்டுப் போட்டுக்கொண்டு மழைக்குள் போனார்கள். ஹைமுக்குப் பின்னால் தரிப்பிடக் கொட்டிலில் இரண்டு பேரும் நிற்பது குசினி ஜன்னலால் தெரிந்தது. இரண்டு மணிக்குத்தான் திரும்பினார்கள்.

மாஸ்ரர் வந்தார். கதிரையில் இருந்தார். வாசம் தூக்குது என்றார். கறியின் நிறம் நல்லது என்றார். தனக்குச் சனி விரதம் என்றார். மரக்கறி இருக்கிறது என்றேன். இல்லை, இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றார். வந்ததற்கு ஏதாவது குடியுங்கோ என்றேன்.

"அப்ப அந்தக் கோலாவில ஒரு போத்தலை உடையன்."

மூடி திறக்காத போத்தல். கிளாஸ் எடுத்தேன். வேண்டாம் என்று போத்தலோடு குடித்தார். முழுவதையும் குடித்தார். நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோர்ஜ் இரவு வேலைக்காரன் மாதிரி நித்திரை கொள்ளுகிறவன். பன்னிரண்டரைக்கு எழும்பி வந்து, ஏன் ஒருத்தரையும் காணேல்லை என்று கேட்டான். குணம் அண்ணை அவனுக்குக் கோழிக் காலைப் போட்டு, "கேள்வியை விட்டிட்டுத் தின்" என்றார்.

ஏழு பேருக்கு உலை வைத்திருந்தேன். இருந்து சாப்பிட்டது, என்னையும் சேர்த்து, மூன்று பேர்.